கார் ஏர் பியூரிஃபையர் வாங்கப் போறீங்களா? முதல்ல குளோவ் பாக்ஸைத் திறந்து பாருங்க!

அக்கா பையனுக்கு ஆறு வயசு. வீசிங் இருக்கு. வீடு மதுரவாயல் பக்கம், ஸ்கூல் போரூர் தாண்டி. காலையில முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம் கார்லதான் போகும். "தூசி, புகை படாம பார்த்துக்கோங்க"னு டாக்டர் சொன்னதும், தாய்மாமன்ங்கிற பொறுப்புல நான் செஞ்ச முதல் காரியம், போனை எடுத்து 'கார் ஏர் பியூரிஃபையர்'னு தேடினதுதான். 1,499 ரூபாய்க்கு ஒண்ணு கிடைச்சது. ஸ்டார் ரேட்டிங்குக்கும் குறைவில்லை. சார்ஜர் சாக்கெட்டில் சொருகினதும் அழகா ஒரு நீல லைட் எரிஞ்சது.

"என்னடா இது, நைட் லேம்ப்பா?"ன்னு அக்கா கேட்டா.

"இல்லக்கா, காத்தைச் சுத்தம் பண்ணும்"னு பெருமையாச் சொன்னேன்.

ரெண்டு வாரம் கழிச்சு, ஃபில்டரை எப்ப மாத்தணும்னு பார்க்கலாமேன்னு அதைத் திறந்தேன். உள்ள ஃபில்டரே இல்ல. ஃபேனும் இல்ல. ஒரு குட்டி சர்க்யூட் போர்டு, ரெண்டு ஊசி முனை, ஒரு எல்.இ.டி லைட். ரிட்டர்ன் தேதியும் முடிஞ்சிருந்தது.

அந்த 1,499 ரூபாய் போன எரிச்சல்ல உட்கார்ந்து படிச்சதும், மெக்கானிக் அண்ணன்களிடம் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை. நீங்க வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கிப் படிச்சிடுங்க.

கண்ணாடியை ஏத்திட்டா புகை வராதா?

'கண்ணாடியை ஏத்தி ஏ.சி போட்டாச்சு, இனிமே வெளிப்புகை உள்ள வராது'ன்னுதான் நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்கோம். ஏ.சி காத்தைக் குளிராக்கும், ஈரத்தை எடுக்கும். புகையை அது தடுக்காது. ஏ.சி-க்குள் போகும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். ஃப்ரெஷ் ஏர் மோடில் இருந்தால், முன்னால் போகிற லாரியின் புகையைத்தான் உங்கள் கார் உறிஞ்சி, சில்லுன்னு ஆக்கி உங்க மூஞ்சியில விடுது.

அந்தப் புகையில் நம்ம கவலைப்பட வேண்டியது, கண்ணுக்குத் தெரியிற கறுப்பை விட, தெரியாத நுண்துகள்களைப் பத்தித்தான். அதைத்தான் பி.எம் 2.5னு சொல்றாங்க. 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்கிற துகள்கள். நம்ம தலைமுடி ஒண்ணோட தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான்னு வெச்சுக்கிட்டா, இது எவ்வளவு சின்னதுன்னு புரியும். மூக்கு முடியிலும் சளியிலும் மாட்டாம நேரா நுரையீரலின் கடைசி வரைக்கும் போயிடும். ஒரு நாளின் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவின் வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதே கணக்குக்கு வைத்த அளவு 15. 

'இதெல்லாம் டெல்லிப் பிரச்னை, நம்ம சென்னைக்குக் கடல் காத்து இருக்கு'ன்னு ஒரு வாதம் வரும். ஊர் முழுக்க எடுத்த சராசரியில் அது ஓரளவுக்கு உண்மைதான். ஆனா நீங்க கார்ல போறப்ப சுவாசிக்கிறது ஊர் சராசரியை இல்ல. கோயம்பேட்டில் சிக்னலுக்காகக் காத்திருக்கும்போது, முன்னாடி நிக்கிற பஸ்ஸின் சைலன்சருக்கும் உங்க பானெட்டுக்கும் நடுவுல உள்ள காத்தைத்தான் சுவாசிக்கிறீங்க. ரோட்டின் நடுவில் நுண்துகள் அளவு பொதுவா சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதோட மெட்ரோ வேலை நடக்கிற ரோடுகளின் தூசியைச் சேர்த்துக்கோங்க. போகி அன்னைக்குக் காலையில் கேட்கவே வேண்டாம். 2018 போகியில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போன ஊர் இது.

(பைக்ல போறவங்க இதைப் படிச்சா, 'ஏ.சி கார்ல போறவனுக்கு ஃபில்டர் பத்திக் கவலை, எங்க கதி?'ன்னு கேட்பீங்க. நியாயம்தான். நானும் ஆபீஸுக்கு பைக்லதான் வர்றேன். என் 95 மாஸ்க் பத்தித் தனியா எழுதணும்.)

காசு கொடுத்து வாங்கின ஒரு பியூரிஃபையர் ஏற்கெனவே இருக்கு

முதல்ல உங்க கார்ல முன் சீட்டுக்கு எதிர்ல இருக்கிற குளோவ் பாக்ஸைத் திறங்க. உள்ளே இருக்கிற ஆர்.சி ஜெராக்ஸ், பழைய பார்க்கிங் சீட்டு எல்லாத்தையும் எடுத்துடுங்க. பெரும்பாலான கார்களில் அந்த டப்பாவின் ரெண்டு பக்கத்தையும் உள்நோக்கி அமுக்கினால் அது முழுசா கீழே தொங்கும். அதுக்குப் பின்னாடி செவ்வகமா ஒரு மூடி தெரியும். அதைக் கழட்டினால் விசிறி மடிப்பு மாதிரி மடிச்ச ஒரு அட்டை வெளியே வரும். அதுதான் கேபின் ஃபில்டர். சில ஷெட்களில் 'ஏ.சி ஃபில்டர்'னு சொல்வாங்க.

அக்கா கார்ல அதை உருவினப்ப, வெள்ளையா இருக்க வேண்டியது ரோட்டு நிறத்துல இருந்தது. மடிப்புக்குள்ள வேப்பிலைச் சருகு, கொஞ்சம் முடி, ஒரு செத்த பூச்சி. மரத்தடியில நிறுத்துற கார்கள்ல இது சகஜம்னு மெக்கானிக் அண்ணன் சொன்னார். எலி கூடு கட்டின ஃபில்டரை எல்லாம் அவர் பார்த்திருக்காராம்.

இன்னொரு அதிர்ச்சிக்கும் தயாரா இருங்க. சில பழைய கார்களிலும் விலை குறைந்த வேரியன்ட்களிலும் அந்த மூடிக்குப் பின்னால் ஃபில்டரே இருக்காது. இடம் இருக்கும், அட்டை இருக்காது. அந்த மாதிரி கார்ல நீங்க 10,000 ரூபாய்க்கு பியூரிஃபையர் வாங்கி வைக்கிறது, வாசக் கதவைத் திறந்து வெச்சுட்டு ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிற கதைதான்.

சாதாரண கேபின் ஃபில்டர் காரைப் பொறுத்து சுமார் 300 முதல் 600 ரூபாய். ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது கரித்தூள் அடுக்கு சேர்த்தது சுமார் 600-ல் ஆரம்பிச்சு 1,200 வரைக்கும் போகும். கரி அடுக்கு இருந்தா டீசல் வாடை, குப்பை வாடை கொஞ்சம் குறையும். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு வழியா தினமும் போறவங்களுக்கு அந்தக் கூடுதல் காசு பிரயோஜனம். 'பி.எம் 2.5 ஃபில்டர்'னு போட்டு விக்கிறதும் உண்டு. அதில் இழைகள் நெருக்கமா இருக்கும். ஆனா ரொம்ப அடர்த்தியான அட்டையைப் போட்டா ஏ.சி காத்தின் வேகம் குறையும், கூலிங் குறைஞ்ச மாதிரி தெரியும். உங்க கார் மாடலுக்குன்னே செஞ்சதா பார்த்து வாங்குங்க. மாட்டும்போது ஓரத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், காத்து போகிற திசை அது. தலைகீழா மாட்டிடாதீங்க.

எத்தனை நாளைக்கு ஒருமுறை மாத்தணும்? கார் மேனுவலைப் பாருங்க. பொதுவா 10,000 முதல் 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இதில் எது முன்னாடி வருதோ அது. நம்ம ஊர்த் தூசிக்கு ஒரு வருஷத்தைத் தாண்ட விட வேண்டாம். சர்வீஸ் விடும்போது 'ஏர் அடிச்சு சுத்தம் பண்ணிட்டோம் சார்'னு சொல்லி அதையே திரும்ப மாட்டிடுவாங்க. ஏர் அடிச்சா மேலோட்டமான தூசியும் சருகும் போகும். இழைகளுக்கு நடுவில் சிக்கின நுண்துகள் போகாது, மடிப்பும் கிழியலாம். புதுசு போடச் சொல்லுங்க. பில்லில் 'ஏ.சி டிஸ்இன்ஃபெக்டன்ட்'னு ஒரு ஐட்டம் இருந்து, ஃபில்டர் மாத்தாம இருந்தா, எதுக்குக் காசு கொடுத்தீங்கன்னு கேளுங்க. இல்லாட்டி நீங்களே மாத்தலாம். ஸ்பேனர் கூட வேண்டாம், பத்து நிமிஷ வேலை.

அந்த வளைஞ்ச அம்புக்குறி பட்டன்

அடுத்து செலவே இல்லாத விஷயம். ஏ.சி பேனலில் ஒரு காருக்குள் அம்புக்குறி வளைஞ்சு திரும்புற மாதிரி ஒரு பட்டன் இருக்கும். சின்ன கார்களில் அது பட்டனா இல்லாம தள்ளுற லீவரா இருக்கலாம். ரீசர்க்குலேஷன். அதைப் போட்டா வெளிக்காத்து வர்ற வழி மூடிக்கும். உள்ள இருக்கிற காத்தே மறுபடியும் மறுபடியும் ஃபில்டர் வழியா சுத்தும். குளோவ் பாக்ஸுக்குப் பின்னாடி ஃபில்டர் இருக்கிற கார்களில் பெரும்பாலும் இப்படித்தான். சில கார்களில் ஃபில்டர் பானெட் பக்கம் இருக்கும். அதுல வெளிக்காத்து மட்டும்தான் வடிகட்டப்படும்.

ஒரு சின்ன கணக்கு பார்ப்போம். ஒரு ஹேட்ச்பேக் காருக்குள் இருக்கிற காத்து சுமார் 3 கன மீட்டர், அதாவது 3,000 லிட்டர். கார் ஏ.சி-யின் புளோயர் நடு ஸ்பீடிலேயே மணிக்கு 100 கன மீட்டருக்கு மேல் காத்தைத் தள்ளக்கூடியது. உங்க சாதாரண ஃபில்டர் ரொம்ப சுமாரானது, நுண்துகளில் மூணில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும்னே வெச்சுக்கோங்க. அப்பவும் மணிக்கு 30 கன மீட்டருக்கு மேல் சுத்தமான காத்து கிடைச்ச கணக்கு. இந்த 30-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க. கடையில் விக்கிற குட்டி பியூரிஃபையர் பலதாலயும் இதைத் தொட முடியாது.

ஆனா ரீசர்க்குலேஷனை நாள் முழுக்கப் போட்டே வைக்கக் கூடாது. நாம விடுற மூச்சுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடுக்கு வெளிய போக வழி இல்லாம போயிடும். திறந்த வெளியில் அது சுமார் 420 பி.பி.எம். நாலு பேர் உட்கார்ந்த மூடின கார்ல 15, 20 நிமிஷத்திலேயே 2,000-ஐத் தாண்டிடும். உசுருக்கு ஆபத்து இல்லைதான். ஆனா தலை கனக்கும், கொட்டாவி வரும், மந்தமாகும். பின்னாடி உட்கார்ந்தவங்க தூங்கினா பரவாயில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி திருச்சி ஹைவேல வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கிறவர் மந்தமாகக் கூடாது.

அதனால சிக்னல், டிராஃபிக், லாரிக்குப் பின்னாடி, தூசி ரோடு, இங்க எல்லாம் ரீசர்க்குலேஷன் ஆன். ரோடு கொஞ்சம் காலியா கிடைச்சதும் ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணி ஃப்ரெஷ் ஏர் விடுங்க. தனியா போனா அரை மணிக்கு ஒருமுறை, குடும்பத்தோட போனா கால் மணிக்கு ஒருமுறை. ஹைவேயில் ஃப்ரெஷ் ஏர்லயே விட்டுடலாம்.

சரி, அப்ப பியூரிஃபையரே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். வீட்டுல ஆஸ்துமா, வீசிங், தூசி அலர்ஜி இருக்கிற ஆள் இருந்தா, தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல டிராஃபிக்ல இருந்தா, புது ஃபில்டர் போட்டும் தும்மல் நிக்கலைன்னா யோசிக்கலாம். உங்க கார்ல கேபின் ஃபில்டர் வைக்க இடமே இல்லைன்னா, நிச்சயமா யோசிக்கலாம். ஆனா எதை வாங்கறதுங்கிறதுல தான் நான் ஏமாந்த மாதிரி நீங்க ஏமாறக் கூடாது.

சந்தையில் இருக்கிறது அடிப்படையில் ரெண்டே ஜாதி. ஒண்ணு, ஃபேன் வெச்சுக் காத்தை இழுத்து ஃபில்டர் வழியா விடுறது. இன்னொண்ணு, அயனைசர். நான் வாங்கின நீல லைட் ரெண்டாவது ரகம்.

அயனைசர் என்ன செய்யும்? ஊசி முனையிலிருந்து எலெக்ட்ரான்களைக் காத்தில் விடும். அது தூசித் துகள்களில் ஒட்டி, துகள்கள் பக்கத்தில் இருக்கிற எதன் மேலாவது போய் ஒட்டிக்கும். சீட், டாஷ்போர்டு, கண்ணாடி, உங்க சட்டை. காத்துல இருந்தது சீட்டுக்கு இடம் மாறுதே ஒழிய, காரை விட்டுப் போறதில்லை. சீட்டைத் தட்டினா மறுபடி எழும்பும். அதைவிடக் கவலையான விஷயம், சில அயனைசர்கள் ஓஸோனை உற்பத்தி பண்ணும். வானத்துல மேல இருக்கும்போது நல்லது செய்யிற அதே ஓஸோன், மூச்சுக்குள்ள போனா நுரையீரலை எரிச்சல் பண்ணும். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு இன்னும் மோசம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துல, அறைகளுக்கான காற்றுச் சுத்திகரிப்பான் வெளியேற்றும் ஓஸோன் 0.050 பி.பி.எம்-ஐத் தாண்டக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. வேலை ஜாஸ்தியா ஓடுற ஜெராக்ஸ் கடைக்குள்ள ஒரு கூர்மையான வாடை வருமே, அந்த மாதிரி உங்க காருக்குள்ள வந்தா அந்தச் சாதனத்தை உடனே பிடுங்கிடுங்க. வீசிங் இருக்கிற குழந்தைக்குன்னு வாங்கி, ரெண்டு வாரம் இதைத்தான் அவன் பக்கத்துல எரிய விட்டிருக்கேன். அதை நினைச்சாத்தான் 1,499 ரூபாயை விட அதிகமா வலிக்குது.

விளம்பர வீடியோ பார்த்திருப்பீங்க. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஊதுபத்திப் புகையை நிரப்பி, சாதனத்தை ஆன் பண்ணினதும் பத்தே செகண்ட்ல புகை மாயமாகும். நானும் அதைப் பார்த்துத்தான் விழுந்தேன். அந்தப் பெட்டியின் கொள்ளளவு சில லிட்டர்தான். புகைத் துகள் ஒட்டிக்கச் சுவரும் பக்கத்துலயே இருக்கு. உங்க கார் 3,000 லிட்டர். ஓடும்போது கதவு இடுக்கு வழியா வெளிக்காத்து கசிஞ்சு வந்துக்கிட்டே வேற இருக்கும்.

பெட்டியில எதைப் படிக்கணும்?

எனக்கு ஒரே ஒரு வரியைத்தான் பார்க்க நேரம் இருக்குன்னா, சி.ஏ.டி.ஆர் எவ்வளவுன்னு பாருங்க. ஒரு மணி நேரத்துல எத்தனை கன மீட்டர் சுத்தமான காத்தை அந்தச் சாதனம் கொடுக்குதுங்கிற கணக்கு அது. அந்த எண்ணை 3-ஆல வகுங்க. மணிக்கு எத்தனை தடவை உங்க கார் காத்து முழுசா சுத்தமாகுதுன்னு தோராயமா கிடைச்சிடும். சின்ன மாடல்கள்ல 10, 15னு இருக்கும். 15-ஐ 3-ஆல வகுத்தா 5. அதாவது ஒரு சுத்து சுத்த 12 நிமிஷம். உங்க பயணமே 20 நிமிஷம்னா என்ன பிரயோஜனம்? என் அளவுகோல், குறைஞ்சது 30. பெரிய எஸ்.யூ.வி-ன்னா காத்தின் அளவும் கூடும், அதனால இன்னும் அதிகமா பாருங்க.

இதுல ஒரு தந்திரம் உண்டு. சிலர் கன அடிக் கணக்கான சி.எஃப்.எம்-ல போடுவாங்க. அதை 1.7-ஆல பெருக்கினா மணிக்கு இத்தனை கன மீட்டர்னு வந்துடும். சிலர் சி.ஏ.டி.ஆர்-ஐ விட்டுட்டு வெறும் 'ஏர்ஃப்ளோ'ன்னு ஒரு பெரிய எண்ணைப் போடுவாங்க. அது ஃபேனின் வேகம், சுத்தத்தோட அளவு இல்ல. எந்த எண்ணுமே போடாம 'கோடிக்கணக்கான நெகட்டிவ் அயன்கள்', '99 சதவிகிதம் பாக்டீரியா காலி'ன்னு மட்டும் இருந்தா அடுத்த சாதனத்துக்குப் போயிடுங்க.

ரெண்டாவது வார்த்தை, ஹெப்பா. ஹெச் 13 தர ஹெப்பான்னா, பிடிக்க ரொம்பக் கஷ்டமான அளவுத் துகளிலேயே 99.95 சதவிகிதத்தைப் பிடிக்கணும்னு ஐரோப்பியத் தரநிர்ணயம் சொல்லுது. அந்தக் கஷ்டமான அளவு 0.3 மைக்ரானும் அதுக்குக் கொஞ்சம் கீழயும். இதைவிடச் சின்னதா இருந்தா இன்னும் கஷ்டம்தானேன்னு தோணும். இல்ல. ரொம்பக் குட்டித் துகள்கள் நேரா போகாம அங்கயும் இங்கயும் தள்ளாடிக்கிட்டே போகும், அதனால இழையில சுலபமா மோதி மாட்டிக்கும். நடு சைஸ்தான் தப்பிக்கப் பார்க்கும். 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா லைக்', 'ஹெப்பா ஸ்டைல்'னு எழுதியிருந்தா எந்தத் தரத்துக்கும் கட்டுப்படலைன்னு அர்த்தம். 'வெஜிடபிள் பிரியாணி டைப் மட்டன்'னு யாராவது போர்டு வெச்சா சாப்பிடுவீங்களா?

மூணாவதா, மாத்து ஃபில்டர். இதைத்தான் யாருமே வாங்கறதுக்கு முன்னாடி பார்க்கறதில்லை. சாதனத்தோட பேரைப் போட்டு, அதுக்கான ரீப்ளேஸ்மென்ட் ஃபில்டர் தனியா கிடைக்குதா, என்ன விலைன்னு அதே ஆப்பில் தேடிப் பாருங்க. 500 முதல் 1,500 ரூபாய் வரைக்கும் இருக்கும். கிடைக்கவே இல்லைன்னா, அந்த பியூரிஃபையருக்கு ஆயுசு ஒரு ஃபில்டர்தான். கிடைச்சா, வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ ஆகும்னு அந்தச் செலவையும் விலையோட கூட்டிப் பாருங்க. 3,000 ரூபாய் சாதனத்தைவிட 4,500 ரூபாய் சாதனம் மலிவா வர்ற கணக்கு அங்கதான் இருக்கு.

விலை நிலவரம்னு பார்த்தா, 1,000 முதல் 2,000 வரைக்கும் கிடைக்கிறதில் பெரும்பாலும் அயனைசர்தான், அல்லது பேருக்கு ஒரு ஃபேன். சுமார் 3,000-லேர்ந்து 6,000 வரைக்கும் ஓரளவு நிஜமான ஃபேனும் ஹெப்பாவும் கிடைக்கும். அதுக்கு மேல போனா பி.எம் 2.5 டிஸ்ப்ளே, ஆப், கலர் கலரா லைட். டிஸ்ப்ளே இருந்தா நல்லது, இல்லைன்னா குடி முழுகிப் போகாது. 5 வோல்ட் யு.எஸ்.பி-யில் ஓடுறதைவிட, 12 வோல்ட் சாக்கெட்டில் ஓடுற மாடல்ல வலுவான ஃபேன் வைக்க முடியும். உள்ளயே பேட்டரி இருக்கிற மாடலைத் தவிர்க்கலாம். கத்திரி வெயில்ல நிறுத்தின காருக்குள்ள 60 டிகிரி வரைக்கும் போகும், லித்தியம் பேட்டரி அங்க கிடக்கக் கூடாது.

2019-ல வந்த ஹூண்டாய் வென்யூ, கியா செல்டோஸ் காலத்துலேர்ந்து உயர் வேரியன்ட்கள்ல கம்பெனியே பியூரிஃபையர் வெச்சுக் கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. உங்க கார்லயும் இருந்தா, அதுக்கும் தனி ஃபில்டர் இருக்கு, அதையும் மாத்தணும்னு ஞாபகம் இருக்கட்டும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்க கண்டிப்பா பாருங்க.

சாதனம் கைக்கு வந்ததும் ஒரு டெஸ்ட். ஏ.சி-யை ஆஃப் பண்ணிட்டு, பியூரிஃபையரை ஃபுல் ஸ்பீடில் வைங்க. டிஷ்யூ பேப்பரில் ஒரு சின்னத் துண்டு கிழிச்சு, காத்து உள்ள போகிற ஓட்டைக்கிட்ட பிடிச்சு விடுங்க. ஒட்டிக்கிச்சுன்னா ஃபேன் நிஜமாவே இழுக்குது. கீழ விழுந்தா, அன்னைக்கே ரிட்டர்ன் போடுங்க. என்னை மாதிரி ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க.

வைக்கிற இடமும் முக்கியம். டாஷ்போர்டு மேல வைக்காதீங்க. இடது பக்க ஏர்பேக் அங்கிருந்துதான் விரியும், அது மேல இருக்கிற பொருள் மூஞ்சிக்குத்தான் வரும். முன் சீட் ஹெட்ரெஸ்ட்டுக்குப் பின்னாடி பெல்ட் போட்டுக் கட்டுறதோ, ரெண்டு சீட்டுக்கு நடுவுல இருக்கிற கன்சோலோ சரியா இருக்கும். குழந்தை பின்னாடி உட்காரும்னா ஹெட்ரெஸ்ட்தான் பெஸ்ட், ஆனா இறுக்கமா கட்டியிருக்கான்னு இழுத்துப் பாருங்க.

இது எதைச் செய்யாது?

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டுல இருக்கிறவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. எந்த ஹெப்பா ஃபில்டரும், எந்தக் கரி ஃபில்டரும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. அதுக்கு நிறமும் இல்ல, வாடையும் இல்ல. நிறுத்தின கார்ல என்ஜினை ஓட விட்டு, ஏ.சி போட்டுத் தூங்கினவங்க காலையில எழுந்திருக்கலைன்னு செய்தி வருதே, அதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 'பியூரிஃபையர் ஓடுதே'ங்கிற தைரியத்துல மூடின ஷெட்டுக்குள்ளயோ, கண்ணாடி ஏத்தின கார்லயோ என்ஜினை ஆன்ல வெச்சுத் தூங்காதீங்க. ஒரு மணி நேரம்தானேன்னும் வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடையும் அது எடுக்காது. அதனால பியூரிஃபையர் இருந்தாலும் ஃப்ரெஷ் ஏர் விடுற வேலை அப்படியேதான்.

புது கார் வாசம்னு ரசிக்கிறோமே, அது பிளாஸ்டிக், பசை, சீட் ஃபோம் எல்லாத்துலேர்ந்தும் வர்ற ஆவி. புது கார் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசின மாதிரி ஒரு படலம் படியும், அதுவும் இதுதான். குட்டி பியூரிஃபையர்ல இருக்கிற சில கிராம் கரித்தூள் கொஞ்ச நாள்லயே நிரம்பிடும். வெயில்ல நிறுத்தின காரை எடுக்கும்போது நாலு கதவையும் திறந்து ரெண்டு நிமிஷம் விடுங்க, கண்ணாடியை இறக்கி வெச்சுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்க. அதுதான் வேலை செய்யும்.

அப்புறம், சொன்னா கோபிச்சுக்காதீங்க. டாஷ்போர்டு பிள்ளையாருக்கு ஏத்துற ஊதுபத்தி. மூடின காருக்குள்ள அது நுண்துகளை ஏகத்துக்கும் உருவாக்கும். எங்க மாமா காலையில வண்டி எடுக்கறப்ப ரெண்டு பத்தி ஏத்தி, கண்ணாடியையும் ஏத்திட்டுத்தான் கிளம்புவார். "மாமா, வெளியில நின்னு காட்டிட்டு அணைச்சிடுங்க"ன்னு சொல்ல அக்காவுக்கு ஒரு வாரம் ஆச்சு. பூ வெச்சா பிள்ளையார் ஒண்ணும் சொல்ல மாட்டார். கார் பெர்ஃப்யூமும் அப்படித்தான், வாடையை மறைக்கும், எடுக்காது. வீசிங் இருக்கிற குழந்தைக்கு அதுவே ஆகாமப் போகலாம்.

கால் டாக்ஸியில போறவங்களுக்கு ஒரு வார்த்தை. "அண்ணே, அந்த ரீசர்க்குலேஷன் பட்டனை மட்டும் போட்டுவிடுங்க"ன்னு கேட்கலாம், அதுக்கு டீசல் செலவு ஏறாது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் அதே சீட்டுல இருக்கிற அண்ணனுக்குத்தான் நம்மைவிட அது தேவை. ஒருத்தர் கிட்ட குளோவ் பாக்ஸ் கதையைச் சொன்னப்ப, வண்டி வாங்கி மூணு வருஷமாச்சு, அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதுன்னார். சிக்னல்லயே திறந்து பார்த்தார்.

அக்கா கார்ல முதல்ல 550 ரூபாய்க்குக் கரி அடுக்கு வெச்ச கேபின் ஃபில்டர் மாத்தினோம். போட்ட தேதியை அட்டை ஓரத்துல மார்க்கர்ல எழுதி வெச்சோம். ரீசர்க்குலேஷன் பட்டன் வேலை இப்ப பையனோடது. லாரியைப் பார்த்தா அவனே "அம்மா, அம்புக்குறி!"ன்னு கத்துறான். ஒரு மாசம் இப்படிப் போகட்டும், அதுக்கப்புறமும் இருமல் இருந்தா ஹெட்ரெஸ்ட்ல மாட்டுற ஹெப்பா மாடலைப் பத்தி யோசிக்கலாம்னு முடிவு. டாக்டர் எழுதின இன்ஹேலரை எதுக்காகவும் நிறுத்தலை. அந்த நீல லைட் என் மேஜை டிராயர்ல கிடக்கு, இ-வேஸ்ட் எடுக்கிறவங்க வர்றப்ப கொடுக்கணும்.